ஒன்பது மில்லிமீற்றர் காணி

வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் என்ன விலை போகுதென்று
தெரிந்துமா இந்த மூலையைச்
சும்மா விட்டு வைத்தீர்? என்றார் நிமலேந்திரன்.
பலகையைத் தூக்கி ரியூப் லைற்றில் பிடித்தார்.
தீப்பெட்டியில் பாதி.
ஒரு மூலையில் மட்டும் செம்பில்லை, கோடில்லை.
வெறும் பச்சை. அதன் நடுவே
வெள்ளையாய் ஒரு குறுநொய்.

அதுதான் அன்ரெனா, என்றேன்.
இதுவா?

அலையின் நீளம் பன்னிரண்டரைச் சென்றிமீற்றர்.
அதில் காற்பங்காவது வேண்டும், மூன்று சொச்சம்.
நிமிர்ந்து நிற்க இங்கே இடமில்லை.
ஆகவே ஹம்டன் லேன் வீட்டு மாடிப்படிபோல்
மடங்கி மடங்கிப்
பீங்கானுக்குள் ஏறுகிறது கம்பி.
மீதி வேலை தரையுடையது:
தரை என்று நாங்கள் சொல்லும் செம்புத் தகடு.
நொய் தொடக்கி வைக்கும்,
தகடு முழுதும் சேர்ந்து அதிரும்.

சிறுத்ததற்குத் தண்டமும் உண்டு, சேர்.
கொடுப்பதில் பாதிக்கு மேல் சூடாய்ப் போகும்.
விரல் பட்டாலே சுருதி இறங்கும்.
சுற்றிலும் ஒன்றுமில்லாமல் இருந்தால்தான்
அலை கழன்று வெளியே போகும்.

தலையாட்டினார்.
அடுத்த தொகுதி வந்தது.
ஐந்துக்கு ஒன்பது மில்லிமீற்றர் வெறுமையில்
கம்பனியின் பெயர்
செம்பில் மினுங்கியது.

கொட்டாஞ்சேனையில், மெர்சலின் அக்காவின் பார்மசியில்
இன்சுலின் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தோம்.
நாலு பாகை என்றது.
கதவைச் சாத்தினோம். வாயை மூடிக்கொண்டது.
பெயரில்லாத பழையது, அதே தட்டிலிருந்து,
கதவின் ரப்பர் இடுக்கால்
முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

பேரெல்லாம் போட்டு வடிவாத்தான் இருக்கு, பிள்ளை,
என்றார் அக்கா.
மற்றதையே தாங்கோ.

இரவு அலுவலகத்தில் நான் மட்டும்.
கத்தி நுனியால் பெயரைச் சுரண்டினேன்.
முதல் எழுத்துப் போனது:
கழித்தல் தொண்ணூற்றொன்று.
மூன்றாவது:
எண்பத்துநாலு.
கடைசி எழுத்தில் கை கொஞ்சம் நின்றது,
சம்பளம் தருகிற பெயரல்லவா.
எழுபத்தாறு.
நகத்திடுக்கில் செம்புத் தூள்.

என் யன்னலை ஒட்டி எட்டு மாடி எழும்புகிறது.
கைத்தொலைபேசிக்குக் கோடு விழுவது
கடற்பக்கம் மட்டும்,
தண்டவாளத்துக்கு அப்பால்,
இன்னும் ஒருவரும் சுவர் எழுப்பாத திசையில்.
கோட்டைப் பக்கம் அதையும் நிரப்பி
விலை பேசுகிறார்களாம்.