ஏழாவது புகைக்கூண்டு

தொண்ணூற்று நான்கு விழுக்காடு திருப்தி
என்று சுவரில் ஒட்டியிருந்தது போன வருடத்துக் கணக்கு.
எங்கள் மருத்துவப் படகில் ஏறியவர்களிடம்
படகிலேயே கேட்டு வாங்கியது.
"சாப்பிட்டுக் கை கழுவினவனிடம்
பசிக்கிறதா என்று கேட்டிருக்கிறோம்" என்றேன்.
இயக்குநர் பாரியா சிரிக்கவில்லை.
காஸ்த்ரோ துறைமுகத்தில் மழை.
சிலோயே தீவில் ஆகஸ்டில் வேறென்ன இருக்கும்.

முதலில் ஒரு வெள்ளைத்தாள்.
அதில் கேள்வி எழுதக் கூடாது,
பதில் வந்தால் என்ன செய்வோம் என்பதை மட்டும்.
இரண்டாவது படகு வாங்குவோமா,
வரும் கிழமையை மாற்றுவோமா,
இல்லை, அறிக்கை அச்சிட்டு
சாந்தியாகோவுக்கு அனுப்பிவிட்டு
அடுத்த நிதிக்குக் காத்திருப்போமா?
மூன்றாவதை யாரும் எழுதவில்லை.
எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஈசல் போல வந்தன கேள்விகள்.
கணக்காளருக்கு வருமானம் தெரிய வேண்டும்,
பல் மருத்துவருக்குப் பல்.
யாருக்கென்று தெரியவில்லை,
வீட்டில் எத்தனை ஆடு என்றும் ஒன்று.
மொத்தம் நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து
இந்தப் பதில் எதை மாற்றும் என்றேன்.
ஆடுகள் முதலில் போயின.
மாலைக்குள் ஒன்பது மிஞ்சின.
பத்துக்கு மேல் போகாது என்று சத்தியம் வாங்கினேன்.
மூன்று பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

ஒன்பதையும் எடுத்துக்கொண்டு
எதுவினா கொன்யுவேக்காரின் அடுக்களைக்குப் போனேன்,
வெள்ளோட்டத்துக்கு.
அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
"படகு நேரத்துக்கும் சுத்தமாகவும் வருகிறதா?"
"சுத்தமாக வருகிறது.
மிச்சக் கேள்வி இன்னும் கடலில் நிற்கிறது."
அடித்து இரண்டாக்கினேன். பத்து.

"வீட்டில் எத்தனை பேர்?"
கத்தி நின்றது.
மூத்தவன் சால்மன் பண்ணையில்,
பதினாலு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே.
"மூன்றில் ஒரு பங்கு ஆள் என்று எழுத
உன் கட்டத்தில் இடமிருக்கிறதா?"
இல்லை.
நேற்றிரவு இந்தக் கூரையின் கீழ்
தூங்கியவர்கள் எத்தனை பேர் என்று திருத்தினேன்.
"பூனையைச் சேர்த்தா?" என்றாள்.

பேனா வேண்டாம், பென்சில் போதும்;
மழை மையைத் தின்றுவிடும்.
துறையிலிருந்து நடந்து
ஏழாவது புகைக்கூண்டு, பதினாலாவது, இருபத்தொன்றாவது.
நாய் கடிக்கிற வீடானாலும் அதுதான்.
பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டாதே.
திரும்பி வா, மூன்று தடவை,
வேறு வேறு வேளையில்.
"பக்கத்து வீட்டில் காபி தருகிறார்கள்" என்றாள்
களப்பணிக்கு வந்த யசென்யா.
அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அந்த ஏழாவது வீடு
இரண்டு தடவை திறக்கவில்லை. புகை மட்டும் வந்தது.
மூன்றாம் தடவை, ஞாயிறு, இருட்டும் நேரம்
கதவைத் திறந்தவன் பெயர் ருபெர்த்தோ கார்க்கமோ.
நாற்பது வயதிருக்கும். மட்டி அள்ள மூழ்கியவன்;
ஆழத்திலிருந்து ஒருநாள் அவசரமாய் மேலே வந்ததில்
இடுப்பு போய்விட்டது.
கதவுக்கு வர அவனுக்கு நேரம் பிடிக்கும்.
அதற்குள் நாங்கள் போய்விட்டிருக்கிறோம், இரண்டு தடவையும்.

படகில் ஏன் ஏறுவதில்லை?
தூரம், பணம், நேரமின்மை, நம்பிக்கையின்மை:
நான்கு கட்டங்களை யசென்யா வாசித்தாள்.
"படகு பதினோரு மணிக்கு வருகிறது.
சில செவ்வாய்க்கிழமைகளில்
அந்த நேரத்துக்குக் கடல் வற்றிக் கிடக்கும்.
துறையில் இரும்பு ஏணி, பதினேழு படி.
எனக்கு நாலு படி முடியும்."
'மற்றவை' என்று நாங்கள் விட்டிருந்த இடம்
அரை விரல் நீளம்.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்.

நாற்பத்தொன்றிலும் ஓதம் பற்றி ஒரு கேள்வி இல்லை.
இத்தனைக்கும் படகுக்காரர்கள் நாங்கள்.

பத்துக்கு மேல் கூடாதென்ற வாய்
பதினொன்று என்று எப்படிச் சொல்லும்?
எதை எடுப்பது என்று
மறுநாள் காலை வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.
'எங்கள் சேவை திருப்தியா?' என்பதைப்
பாரியாவே அடித்தார், அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி.
சுவரிலிருந்த தொண்ணூற்று நான்கைக் கழற்றவில்லை.
அதன் மேலேயே
இந்த மாதத்து ஓத அட்டவணையை ஒட்டினார்,
கொஞ்சம் கோணலாக.