கேத்தி கால்நடை மருந்தகம்

மூன்று வருடப் பழைய காலண்டரில்
ஹாலந்து.
தட்டைப் புல்வெளி, முக்கால் பங்கு மேகம்,
கால்வாயோரம் ஏழு கறுப்புவெள்ளை மாடுகள்.

"மலையே இல்லாம என்ன ஊரு?"
பெள்ளி கயிற்றை இறுக்கினாள்.

கையுறை மாட்டிக்கொண்டே
டாக்டர் சபீனா சொன்னாள்:
"அப்பவே அங்க ரயில் வந்தாச்சு,
ஆலைப் புகையும்.
எல்லாத்துக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து
வரைஞ்சிருக்கான்.
இதுதான் நம்ம நாடுன்னு
வீட்டுக்கு வீடு மாட்டிக்கிட்டாங்க."

ஜன்னலில்
தேயிலை ஆலையின் தகரக் கூரை,
செல்போன் கோபுரம்,
கேரட் கழுவும் எந்திரத்தின் இரைச்சல்.
ஒதுக்கி நின்று பார்த்தாள் பெள்ளி.
கொஞ்சம் புல் மிஞ்சியது.

நைட்ரஜன் குடுவை திறந்தது.
வெள்ளை ஆவி.
அந்த ஏழின் வம்சத்துக் காளை
ஒரு குச்சிக்குள்.

"கன்னுக்குட்டி
சரிவுல நிக்குமா, டாக்டர்?"

முழங்கை வரை உள்ளே விட்டிருந்தவள்
தலையை ஆட்டினாள்,
எந்தப் பக்கமென்று தெரியாமல்.