மெல்லிய நூல்

கசாப்புக்காரர் வாளியில் கொடுத்தனுப்பினார்,
ஐந்து ஆட்டு இதயங்கள்.
மூன்றாம் வகுப்பில் பதினான்கு பேர்.
ஃபாரோ தீவின் மழை
ஜன்னலில் பக்கவாட்டாய் அடித்த செவ்வாய்க்கிழமை.

முதலில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
பிறகு ரான்வா
பெரிய குழாய் வழியே சுட்டுவிரலை விட்டாள்.
"உள்ள கதவு இருக்கு" என்றாள், "தள்ளினா தொறக்குது."
அதன்பின் மூக்குகளுக்குக் கை ஒழியவில்லை.

படத்தில் சிவப்பும் நீலமும்.
கையில் ஒரே பழுப்பு.
கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்றேன்,
சொல்ல அதிகமில்லை.

எய்யுன் மட்டும் தடவிக்கொண்டே இருந்தான்,
திருப்பித் திருப்பி.
"ஓட்டை எங்க?"
இதில் இருக்காதுடா, இது நல்ல ஆடு.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
கோபன்ஹேகன் மருத்துவமனையில்
அவன் தங்கைக்கு அன்று பதினேழாம் நாள்.

அவன் பென்சிலை எடுத்தான்.
மெல்லிய பக்கமாகப் பார்த்துக்
குத்தினான்.
குழாயடியில் பிடித்து நிரப்பினான்;
ஒழுகியது, முழங்கை வரை.

கைவேலைப் பெட்டியில் மொத்த ஊசி,
சாம்பல்நிறக் கம்பளி நூல்.
ஒரு தையல். தண்ணீர். ஒழுகல்.
நான்கு தையல். தண்ணீர்.
வழுக்காமல் ஹாய்னி பிடித்துக்கொண்டான்,
நாக்கை வெளியே நீட்டியபடி.

மணி அடித்தது.
கணக்குப் பாடம் வாசல்வரை வந்து
திரும்பிப் போயிற்று.

ஒன்பதாம் தையலில்
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே
பத்துவரை எண்ண முடிந்தது வகுப்பால்.

"இன்னும் நிக்கல டீச்சர்" என்றான்.
கை கழுவவில்லை.
"வேற நூல் இருக்கா,
இதைவிட மெல்லிசா?"