வயிற்றுக்குக் கொஞ்சம் கீழே

இரவு ஒன்று நாற்பதுக்குத் தொடங்கியது.
கைபேசியைப் பார்த்தேன், அதனால் தெரியும்.
பிறகு யார் கேட்டபோதும்
"காலையில்" என்றேன்.

ஈரத்துணியை யாரோ இரு கையாலும் முறுக்கிப் பிழிந்து
பிழிந்த பின்னும் விடாமல்
பிடித்துக்கொண்டிருப்பது போல.
கழிவறையில் முழந்தாளிட்டு வாந்தியெடுத்தேன்,
சத்தம் வெளியே போகாதபடி
குழாயைத் திறந்துவிட்டு.

நேற்று ஹாக்கியில் பட்டிருக்கும் என்றேன் எனக்கே.
படவில்லை. எனக்கே தெரியும்.
ஆலையில் மரம் தூக்கியது. இறுக்கமான ஜீன்ஸ்.
அல்லது இலையுதிர்காலத்தில் ரோவனியெமியில்
பெயர்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாத ஒருத்தியோடு
கழித்த இரவுக்குக்
காலம் தாழ்த்தி வந்த ரசீதோ?
அங்கே பந்து பட்டு ஒருவன் சுருண்டால்
திரையரங்கமே சிரிக்கும்.
நானும் சிரித்தவன்தான்.

மூன்றரைக்கு மருத்துவ உதவி எண்ணை அழைத்தேன்.
அம்மா வயதில் ஒரு குரல்.
"எங்கே வலிக்கிறது?"
"வயிற்றில்."
"வயிற்றில் எங்கே?"
"கீழே."
"எவ்வளவு கீழே?"
தட்டச்சு நின்றது. அவர் காத்திருந்தார்.

அந்தச் சொல்லை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன்,
உடைமாற்றும் அறையில், பனிவண்டியில்,
வசவாக, சவாலாக,
தைரியத்துக்கு மறுபெயராக.
என் உடம்பில் இருக்கும் ஓர் உறுப்பாக
ஒருமுறைகூடச் சொன்னதில்லை.
"இப்போது பரவாயில்லை" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெட்கம் கிடையாது என்பார்கள்.
சனிக்கிழமை தவறாமல் சௌனா.
அப்பா, நான், வெய்க்கா, அவன் அண்ணன் சான்டெரி
மேல்பலகையில் தோளோடு தோள், அம்மணமாக.
கல்லில் தண்ணீர் விழும், ஆவி எழும்.
வலிக்கு மட்டும்
துண்டு கட்டியிருப்போம்.

ஏழு மணிக்கு அப்பா காப்பி போட வந்தார்.
தரையில் கிடந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
என் கை எங்கே இருக்கிறதென்று பார்த்தார்,
கார்ச் சாவியை எடுத்தார்.

கெமியார்வியிலிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர்.
இன்னும் விடியவில்லை.
நடுவழியில் கலைமான்கள் சாலையை அடைத்து நின்றன,
எதற்கும் அவசரமில்லாமல்.
ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்
கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி அப்பா சொன்னார்:
"எனக்கும் ஒன்றுதான்.
ராணுவத்தில் இருந்தபோது. காலைவரை காத்திருந்தேன்."

பத்தொன்பது வருடம் அதே பலகையில்.
முகத்துக்குக் கீழே பார்வையை இறக்காதது
எங்கள் மரியாதை.

மணிக்குள் நாக்கு தொங்குமே, அப்படி, என்றார் மருத்துவர்,
பிடிமானம் இல்லாமல் தொங்கினால் திருகிக்கொள்ளும்,
சில குடும்பங்களில் வரும்.
"வீட்டில் வேறு யாருக்காவது?"
அப்பா சுவரில் ஒட்டியிருந்த
தீ விபத்து அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தார்.
எப்போது தொடங்கியது என்று கேட்டார் அடுத்து.
"காலையில்."
ஆறு மணி நேரத்துக்குள் என்றால்
பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்றார்.
பலகை அளக்கிறவன் நான்,
கழித்துப் பார்க்கத் தெரியும்.

இடதை எடுத்தார்கள்.
வலதைத் தைத்து நிறுத்தினார்கள்.

ஆலையில் குடல்வால் என்று சொன்னேன்.
குடல்வாலுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.
கேக் வாங்கி வைத்திருந்தார்கள்.

மார்ச் மாதம் ஓர் இரவு, மூன்று மணி தாண்டி,
வெய்க்காவிடமிருந்து செய்தி:
"உன் குடல்வால்
எந்தப் பக்கம்?"

பதில் எழுதவில்லை. அழைத்தேன்.
எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.
பின்னால் எங்கோ குழாய் ஓடியது.

"விதைதானே?" என்றேன்.
மூச்சு.
"எத்தனை மணிக்கு, வெய்க்கா?
காலையில் என்று சொல்லாதே"
என்று கேட்டபடியே
பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தேன்,
இருட்டில், கால் மாற்றி.