மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா

முதல் நாள் பொம்மையைப் புரட்டினோம்.
எழுபது கிலோ ரப்பர், வாய் திறந்தபடி.
தொண்டைக்குள் குழாய்,
உதட்டருகே இருபத்திரண்டாம் கோட்டில் ஒட்டியிருந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள் மாரிவிக்.
நான் மூன்றில் இழுத்தேன்.
அவள் மூன்றுக்குப் பிறகு இழுப்பவள்.
அரை நொடிதான்.
தோள் அவள் பக்கம், இடுப்பு என் பக்கம்,
குழாய் தரையில்.

'ஆள் முடிஞ்சுது' என்றாள், கையுறையைச் சரிசெய்தபடி.
'மறுபடியும்.'

வினிப்பெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
பஸ் தரிப்பில் இமைகள் ஒட்டிக்கொண்டன.
உள்ளே, நான்காம் மாடியில்,
பதினெட்டுக் கட்டிலுக்கும் ஒரே பருவம்.

பெயரட்டையில் இடம் போதாமல்
யோகராணி 'யோகா' ஆனது.
எந்த ஸ்டூடியோவில் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்ட டாக்டருக்கு
முதுகுவலி என்பது பிறகுதான் தெரிந்தது.

கையேட்டில் நாற்பத்தாறு பெட்டிகள்,
பெட்டிக்கொரு கையொப்பம்.
வாய்க்குள் பஞ்சு. கண்ணுக்கு ஜெல்.
குதிகால் எதிலும் படாமல்
தலையணை விளிம்புக்கு அப்பால் மிதக்க வேண்டும்.
சிறுநீர்ப்பை தரையைத் தொடக்கூடாது.
எந்த அலாரத்துக்கு ஓடுவது,
எதைத் தொடாமல் நர்ஸைக் கூப்பிடுவது.

பதினொரு வருடம் டயர் கம்பெனிக்குக் கணக்கெழுதியவள் நான்,
பெட்டிகளைக் கண்டு பயமில்லை.
தோலைக் கண்டுதான் பயம்.
அதுவும் பேரேடு வைத்திருக்கிறது.
இரண்டு மணிநேரம் தாண்டினால் சிவக்கும்.
அந்தச் சிவப்பு விரல்பட்டு வெளுக்க வேண்டும்.
வெளுக்காவிட்டால்
நேற்று ராத்திரி யாரோ வரவில்லை என்று
முதுகெலும்பின் அடியில் பதிந்திருக்கும்.

ஏழாம் கட்டிலில் ஐசாக் பென்னர்.
ஸ்டைன்பாக் பக்கம் கனோலா விதைப்பவர். நிமோனியா.
ஒன்பது நாளாக மருந்துத் தூக்கம்.
தூங்குகிறவரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்,
அது முப்பத்தொன்பதாம் பெட்டி.
பொம்மையிடம் சொல்ல வெட்கப்பட்டேன்,
அதனால் அது மட்டும் காலியாகக் கிடந்தது.

அவரிடம் சொன்னேன்.
'மிஸ்டர் பென்னர், இடப்பக்கம் திரும்பப் போகிறோம்.'
விடிகாலை மூன்று மணிக்கு ஆங்கிலம் தீர்ந்துவிடும்.
'கொஞ்சம் பொறுங்கோ ஐயா,
முதுகிலை காத்துப் படட்டும்.'
எதிர்ப்பக்கம் மாரிவிக்
சிக்கிக்கொண்ட சக்கரத்தைத் தகாலொக்கில் திட்டினாள்.
நாடி தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூறுக்கு வந்தது.
'பெருமைப்படாதே' என்றாள் நர்ஸ்,
'அது தானாகவும் இறங்கும்.'
ஆனாலும் கையொப்பம் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள்.
முந்தின மாலையே மருந்தைக் குறைத்திருந்தார்கள்.
நாலு மணிக்கு வலம் வைத்தோம், ஆறுக்கு இடம்.
மாரிவிக்கும் நானும் இப்போது சேர்ந்தே இழுக்கிறோம்.
எப்போது அப்படியானோம் தெரியாது.
அவள் கொஞ்சம் முந்தியிருப்பாள்,
நான் கொஞ்சம் பிந்தியிருப்பேன்,
அதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தோம்.

ஒன்று.
இரண்டு

போர்வைக்கடியில் வலது முழங்கால்
நடுங்கி நடுங்கி
தானே மடிந்து எழுந்தது.

யாரும் மூன்று சொல்லவில்லை.
மாரிவிக் அவர் முகத்தைப் பார்த்தாள்.
நான் குழாயைப் பார்த்தேன்,
பயிற்சி அப்படி.
இருபத்திரண்டாம் கோடு, சரி.
அதன்பிறகே
சுருட்டின விரிப்புக்குள்
என் விரல்கள் ஆடுவது தெரிந்தது.

நாற்பத்தாறு பெட்டியிலும் இதற்கு இடமில்லை.
பிறகு, கையேட்டின் கடைசி ஓரத்தில்
கணக்குக் கையெழுத்தில்
6.04 என்று மட்டும் எழுதினேன்.

அப்போது எழுதத் தோன்றவில்லை.
நர்ஸைக் கூப்பிட ஓடியவள்
கைகழுவ மறந்து வாசலில் திரும்பினேன்.

கால் இன்னும் மடிந்தே நின்றது,
நாங்கள் எண்ணி முடிக்கட்டும் என்று.