பார்சல் டீ

காட்பாடி, பத்தாம் வகுப்பு பி பிரிவு.
சூடு பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து என்னென்ன கசியும் என்று
கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.
வெயில் அதற்குள்
மூன்றாம் பெஞ்சு வரை வந்துவிட்டது.

"சார், டீ."

கழுத்தில் நூல் இறுக்கிய கவர்,
உள்ளே ஆவி.
காலையில் சொல்லி அனுப்பியது நான்தான்.

முப்பத்தெட்டுப் பேரில் யாரும் சிரிக்கவில்லை.
அது இன்னும் மோசம்.

ஞாயிறுதோறும் அப்பாவோடு பாலாற்றில்
பாட்டில் பொறுக்கும் தணிகைவேலு
கவரை மட்டும் பார்த்துச் சொன்னான்:
"ரொம்ப மெலிசு சார்.
காயலான் கடைக்காரன்கூட எடுத்துக்க மாட்டான்.
ஆத்துலயேதான் கெடக்கும்."

பாடப்புத்தகத்தில் இந்த வரி இல்லை.

விரலெல்லாம் சுண்ணாம்புப் பொடி.
முடிச்சை அவிழ்ப்பதா,
அப்படியே மேசைமேல் வைப்பதா?
வைத்தால் சாய்ந்துவிடும்.

மணி அடிக்க இன்னும் பதினாறு நிமிடம்.
கையில் பிடித்தபடியே
பாடத்தை நடத்தினேன்,
சுடச்சுட.