தட்டுக்கு அடியில்

சுவரில் ஒரு சதுர ஓட்டை.
அதன் வழியாகத்தான் வரும் தட்டுகள்.
ஃபோர்ட் வேய்ன் நகரத்தின் முகம் எனக்குத் தெரியாது;
அதன் எச்சில் தெரியும்.

முட்டையில் மஞ்சளை மட்டும் ஒதுக்குகிறவர் யார்,
அழுதுகொண்டே சாப்பிட்டவர் யார்,
எவருடைய பிள்ளை பட்டாணியைக்
காபிக் கோப்பைக்குள் ஒளித்தது,
எல்லாம் தெரியும்.
யார் எவ்வளவு டிப்ஸ் வைத்தார் என்பது மட்டும்
சுவருக்கு அந்தப் பக்கம்.

லோரெட்டாவுக்கு மணிக்கு
இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்.
மீதியை மேசைகள் தரும் என்று கணக்கு.
எனக்குப் பத்தரை. என்னை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை.
முதலாளி கோஸ்டாஸ் அவளிடம் சொல்வார்:
"நல்லாச் சிரிச்சா நல்லா விழும்."
பனி கொட்டினால் விழாது,
உள்ளூர் அணி தோற்றால் விழாது,
அதையெல்லாம் அவர் சொல்வதில்லை.

நேற்று ஒரு தட்டின் அடியில்
மேப்பிள் பாகில் ஒட்டிக்கொண்டு ஓர் இருபது டாலர்.
சுற்றிப் பார்த்தேன். நீராவி மட்டும்.
இரண்டு தட்டு கழுவும் நேரம்
அது என் பையில் இருந்தது.
இரண்டு தட்டு. அப்புறம் ஒரு வாணலி.

பிறகு எடுத்து வெந்நீரில் அலசி
ஆர்டர் சீட்டுகளோடு கம்பியில் மாட்டி
அடுப்புச் சூட்டில் காயவைத்து
ஓட்டை வழியே நீட்டினேன்.
"நாலாம் மேசை."

அவள் சிரித்தாள்.
தலையை ஒரு பக்கம் சாய்த்து
நாலாம் மேசைக்குச் சிரிக்கும் அதே சிரிப்பு.
மூன்று டாலர் எண்ணி என் பக்கம் தள்ளினாள்.
நான் கொடுத்தவனா, வாங்கியவனா?
ஈரக் கையோடு நின்றேன்.

இரவு அவள் காரில்தான் வீடு திரும்பினேன்.
ஹீட்டர் அவள் பக்கம் மட்டும் வேலை செய்யும்.
ஏழாம் மேசை வைத்துப் போனதைக் காட்டினாள்:
நூறு டாலர் போல அச்சடித்த காகிதம்,
பிரித்தால் உள்ளே வேத வசனம்.
"இதை வாடகைக்குக் கொடுத்தா வாங்குவானா, வில்மர்?"
அதன் பிறகு பேசவில்லை.
வீடு வரைக்கும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

டிப்ஸ் வைப்பது தகுமா,
அந்த வழக்கமே ஒழிய வேண்டுமா,
கோஸ்டாஸ் முழுச் சம்பளம் தரும் நாளில்
வந்து கேளுங்கள், யோசித்துச் சொல்கிறேன்.
அதுவரை, வைப்பதானால்
உப்புச் சாடிக்கு அடியில் வையுங்கள்.
தட்டுக்கு அடியில் வேண்டாம்.
எல்லா நாளும் நான் நல்லவன் இல்லை.